பதினான்கு கல்லொட்டிகள்

இப்போதெல்லாம் மீன் ஆராய்ச்சிக்கு மீனே வேண்டாம் என்று ஆகிவிட்டது. போன மாதம் எங்கள் பழைய ஆய்வு நிலையத்துக்குப் போயிருந்தேன். ஏரிக்கு மேலே, மேகம் இறங்கினால் காணாமல் போகிற அந்தக் கல் கட்டடத்தில் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு பாட்டில் ஓடைத் தண்ணீரை வைத்து வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வடிதாளைச் சோதித்தால் ஓடையில் என்னென்ன மீன் இருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். மீன் உதிர்த்துவிட்டுப் போன செதிலும் சளியும் தண்ணீரில் கலந்திருக்குமே, அதிலிருக்கும் டி.என்.ஏ. போதுமாம். காலில் போட்ட சாக்ஸ்கூட நனையாமல் மீன் பிடிக்கிறார்கள். நான் முப்பத்தொரு வருஷம் கொடைக்கானல் குளிரில் ஓடைக்குள் நின்று இரண்டு முழங்காலையும் வாதத்துக்குத் தாரைவார்த்தவன். பார்த்தபோது வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அங்கே இப்போது உதவிப் பேராசிரியராக இருக்கும் கார்த்திகா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். நிலையத்தின் ஆண்டு மலருக்கு என் வேலை அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம். நான் பாட்டில் கழுவிய கதையை யார் படிப்பார்கள் என்று கேட்டேன்.

"பாட்டில் கழுவுன கதைய ரெண்டு வரியில முடிச்சிருங்க அண்ணே. அந்தச் சோலிய மட்டும் விடாம எழுதுங்க."

அந்தச் சோலி என்னவென்று நிலையத்தில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் லூர்துசாமி. குடியிருப்பது அட்டுவம்பட்டி. அப்பா இங்கே ஒரு மிஷன் பள்ளி விடுதியில் சமையல்காரர். நான் பன்னிரண்டாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டி, சில வருஷம் கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு நிலையத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். கடைசியில் தாளில் என் பதவி 'அருங்காட்சியகக் காப்பாளர்'. பெயரைக் கேட்டு யாரும் மயங்க வேண்டாம். காப்பாற்ற வேண்டியது பாட்டிலில் செத்துக் கிடந்த மீன்களை. முதல் வருஷம் பாட்டில் உடைக்காமல் கழுவக் கற்றேன். இரண்டாம் வருஷம் ஃபார்மலின் நெடியில் கண்ணீர் விடாமல் நிற்கக் கற்றேன். மூன்றாம் வருஷம் ஒரு மீனுக்கும் இன்னொரு மீனுக்கும் உள்ள வித்தியாசம் புரிய ஆரம்பித்தது. நான்காம் வருஷம் பேராசிரியராக ஜெசிந்தா மேடம் வந்தார். அதுவரை கற்றது எதுவும் செல்லாது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது.

மேடத்துக்குத் திண்டுக்கல். ஆள் ஒடிசல், என் தோள் உயரம்தான் இருப்பார். ஸ்வெட்டரின் இடது பையில் பென்சில், வலது பையில் இடுக்கி, கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். "அப்படியா" என்பதுதான் அவர் அதிகபட்சம் சொல்லும் திட்டு. அதில் மூன்று தினுசு உண்டு. முதல் தினுசு, சொன்னதை நம்புகிறேன் என்று அர்த்தம். இரண்டாவது, நம்பவில்லை. மூன்றாவதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் மாற்றலுக்கு எழுதிப் போட்டார்கள்.

மூன்றாவதை நான் வெள்ளனே கேட்டுவிட்டேன். ஏதோ ஒரு குழு பார்வையிட வருகிறது என்று அலமாரியைச் சுத்தம் செய்தபோது இரண்டு பாட்டில்களிலிருந்து லேபிள்கள் கழன்று விழுந்தன. நான் என்ன செய்தேன்? இரண்டு பாட்டிலின் மீன்களையும் முகம் பார்த்தேன், இது இந்த ஊர்க்காரன் மாதிரி இருக்கிறது, அது அந்த ஊர்க்காரன் என்று முடிவுசெய்து ஒட்டிவைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சி மேடத்திடமும் சொன்னேன்.

"அப்படியா," என்றார். குரல் காதுக்கு எட்டவே இல்லை.

இரண்டு பாட்டிலையும் அவரே தூக்கிக்கொண்டு போய்க் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பேரி மரத்தடியில் குழி தோண்டச் சொன்னார். எந்தக் காலத்திலோ யாரோ கஷ்டப்பட்டுப் பிடித்த மீன்கள். அத்தனையையும் புதைக்க வைத்தார்.

"ஊர் தெரியாத மீனு வெறும் கருவாடு லூர்து. கருவாடாச்சும் கொழம்புக்கு ஆகும், இது அதுக்கும் ஆகாது. எந்த ஓடை, எந்த எடம், எந்தத் தேதின்னு தெரிஞ்சாத்தான் அது நமக்கு மீனு."

அந்த வருஷம் பேரிக்காய் நன்றாகக் காய்த்தது. ஃபார்மலின் மீனை நினைத்துக்கொண்டு யாரும் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினையே அங்கேதான் ஆரம்பித்தது. ஓடையில் நீரோட்டத்துக்கு எதிரே ஒருவர் கொசுவலையை விரித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் மேலே நின்று காலால் கற்களைப் புரட்ட வேண்டும். கல்லடியில் ஒளிந்திருக்கும் மீன் மிரண்டு வலைக்குள் வரும். புரட்டிய கல்லைத் திருப்பி அதே மாதிரி வைக்க வேண்டும். வைக்காவிட்டால், "உங்க வீட்டுக் கூரையப் பிரிச்சுப் போட்டுட்டுப் போனா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்பார். பிடித்ததைக் கேனில் உயிரோடு கொண்டுவருவோம், செத்தால் நிறம் போய்விடும் என்பதால். சின்னக் கண்ணாடித் தொட்டியில் விட்டு இடது பக்கத்தைப் படம் எடுத்த பிறகு, ஏழெட்டை மட்டும் பாட்டிலுக்கு எடுப்பார். லேபிள் பென்சிலில்தான். மை, பாட்டிலில் ஊற்றிவைக்கும் சாராயத்தில் கரைந்துவிடும்.

மீதி மீன்கள் உயிரோடு பிடித்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். எத்தனை என்று எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அப்படியே கவிழ்த்துவிடவும் கூடாது. கேனை ஓடையில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, ஓடைத் தண்ணீரைக் கை கையாக அள்ளிக் கேனில் சேர்த்து, இரண்டின் குளிர்ச்சியும் ஒன்றான பிறகுதான் விட வேண்டும். அரைமணி நேரம் பிடிக்கும். ஜீப் டிரைவர் இதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையை மறுவீட்டுக்கு அழைத்துப் போகக்கூட இவ்வளவு மரியாதை செய்ய மாட்டார்கள் என்பார்.

மேடத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கேள்விதான். அதை அவர் தகரக் கூரையை வைத்து எனக்கு விளக்கினார். பழனி மலையை இரண்டு பக்கம் சரிந்த கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகட்டுக்கு வடக்கே விழுகிற மழை பழனிப் பக்கம் இறங்கி அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தெற்கே விழுகிற மழை பெரியகுளம் பக்கம் இறங்கி வைகைக்குப் போகிறது. மீனுக்குக் கால் கிடையாது, முகட்டைத் தாண்ட முடியாது. ஆகவே இரண்டு பக்க மீன்களும் வெகுகாலமாகத் தனித்தனிக் குடும்பம். ஆனால் சில இடங்களில் ஓடையானது பின்பக்கமாக மலையை அரித்துக்கொண்டே ஏறி, முகட்டையும் உடைத்து, அந்தப் பக்கத்து ஓடையின் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளுமாம். தண்ணீரோடு அதிலிருந்த மீனும் கட்சி மாறிவிடும். இதற்கு மேடம் வைத்த பெயர் ஆற்றுத் திருட்டு.

தெற்குச் சரிவின் உச்சியில் ஓர் ஓடை சட்டென்று முழங்கை மாதிரி திரும்பும். அந்த முழங்கைக்கு நேர் வடக்கே, தண்ணீரே இல்லாத ஒரு பள்ளத்தில் ஆற்றுக் கூழாங்கற்கள் கிடக்கும். திருட்டு நடந்த இடம் இதுதான் என்று மேடம் அடித்துச் சொல்வார். ஆனால் கல்லை மட்டும் காட்டினால் போதாதே. வடக்கு மீன் ஒன்று தெற்கு ஓடையில் கிடைக்க வேண்டும். அதற்கு அவர் குறிவைத்தது கல்லொட்டியை. விரல் நீளம்தான் இருக்கும். வாய் அடிப்பக்கம், அதைக் கல்லில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு வேகமான தண்ணீரிலும் கிடக்கும். அதில் பல வகை உண்டு. மூக்கின் மேல் சிறு மேடும் வாலடியில் கறுப்புப் பட்டையும் உள்ள வகை, வடக்கே வடகவுஞ்சிப் பக்கத்து ஓடையில் ஏராளம். தெற்கே அது இருப்பதாக யாரும் சொன்னதில்லை. இருக்க வேண்டும் என்று மேடம் நம்பினார். அந்தத் தெற்கு ஓடை, அப்போது நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கீழேதான் ஓடியது.

இனி அந்தச் சோலி.

மேடம் வந்து ஏழாம் வருஷம் புனித வாரம். புதன்கிழமை வடகவுஞ்சியில் கல்லொட்டி பிடித்து வந்தோம். வியாழன் மதியம் வரை படம் எடுத்து, வேண்டியதைப் பாட்டிலில் போட்டுவிட்டு, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று மேடம் திண்டுக்கல்லுக்குக் கிளம்பினார். மீதியைத் திருப்பி விட்டுவிடும்படி சொல்லிப் போனார். எண்ணினேன், பதினான்கு. ஜீப் மேடத்தோடு போய்விட்டது. விடுமுறைக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மூன்று நாள் நிலையத்துக்குப் பூட்டு. கேனில் காற்று ஊதும் பம்பு கரண்டில் ஓடுவது, கரண்டோ வந்துவந்து போகிறது. அங்கேயே வைத்துவிட்டுப் போனால் ஈஸ்டருக்குள் பதினான்கும் செத்துவிடும்.

இதற்கிடையில் இன்னொரு நெருக்கடி. அன்று பெரிய வியாழன். கோயிலில் ஃபாதர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவும் சடங்கு உண்டு. அந்தப் பன்னிரண்டில் அந்த வருஷம் நானும் ஒருவன். என் மனைவி ஸ்டெல்லா ஒரு வாரமாக என் குதிகால் வெடிப்பைத் தேய்த்துத் தேய்த்துத் தயார் செய்து வைத்திருந்தாள்.

கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கீழே ஓடை. நல்ல தண்ணீர், நல்ல கல். மீனுக்கு எந்த ஓடையானால் என்ன, உயிர்தானே பெரிது என்று தோன்றியது. முகடும் காவிரியும் வைகையும் அந்த நேரத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஆனால் முறையை மட்டும் மறக்கவில்லை பாருங்கள். வண்ணார் துணி துவைக்கும் பெரிய கல்லுக்குப் பக்கத்தில் கேனை மிதக்கவிட்டு, கை கையாகத் தண்ணீர் சேர்த்து, அரைமணி நேரம் உட்கார்ந்து, பக்குவமாக விட்டேன். கோயிலுக்கு ஓடியபோது பூசை பாதியில் இருந்தது. ஃபாதர் கழுவிய இருபத்துநான்கு கால்களில் உண்மையிலேயே கழுவ வேண்டியவை என்னுடைய இரண்டும்தான். மீன் வாடைக்கு அவர் மூக்கைச் சுளித்தது இன்னும் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை பதிவேட்டில் வியாழக்கிழமைத் தேதி போட்டு, 'மீதம் 14, திருப்பி விடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செவ்வாய் மேடம் வந்து விட்டாச்சா என்று கேட்டார். விட்டாச்சு மேடம் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் வைத்த முறையை நான் மீறுவேன் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. ஒரு வாரத்தில் எனக்கும் அது மறந்துபோனது. அட்டுவம்பட்டியில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு அந்தப் பக்கம் போகவே வேலையில்லை, மேடம் தேடியதெல்லாம் ஓடையின் உச்சியில் முழங்கைத் திருப்பத்தில்தான்.

பதினேழு வருஷம் ஓடியது. மேடத்தின் கடைசி ஆராய்ச்சி மாணவியாக கார்த்திகா வந்து சேர்ந்தார். பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகள், வாய் துடுக்கு. அவரது ஆய்வே தெற்குச் சரிவு ஓடைகள்தான். ஒரு நாள் காலையில் மூன்று பேரும் முதல் முறையாக அந்த ஓடையின் கீழ்ப்பகுதியில் இறங்கினோம். கார்த்திகா கல் புரட்டினார், நான் வலை பிடித்தேன். மூன்றாவது தடவை வலையைத் தூக்கியபோது அடியில் ஒரு மீன் துள்ளியது. மூக்கில் மேடு, வாலடியில் கறுப்புப் பட்டை.

மேடம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈரப் பாறையிலேயே சேலையோடு உட்கார்ந்துவிட்டார்.

"லூர்து, நீங்களே புடிச்சுக்கங்க. நான் கீழ போட்டுருவேன்."

இருபத்துநான்கு வருஷத்தில் புது மீனை அவர் வேறு ஆள் கையில் விட்டு நான் பார்த்ததில்லை. அன்று பெருமாள்மலையில் எல்லோருக்கும் பிரெட் ஆம்லெட் வாங்கிக் கொடுத்தார். நானும் சந்தோஷத்தில் இரண்டு சாப்பிட்டேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவ்வளவு நாள் தேடிய மீன் என் வலையில் விழுந்ததே என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வாரம் கழித்து கார்த்திகா வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏதாவது அடையாளம் சொல்லுங்கள் என்றார். வண்ணார் கல் இருக்கிறது என்றேன். அதற்கு மேலே ஒரு ஓட்டு வீடு, முன்னால் நான் வாடகைக்கு இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவனுக்குப் பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கேன், வியாழக்கிழமை, பதினான்கு என்று எல்லாம் மொத்தமாக வந்து நின்றன. உடம்பு சரியில்லையா அண்ணே என்று கார்த்திகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அதைவிட, மேடம் அப்போது இருந்த சந்தோஷத்தைக் கலைக்க மனசு வரவில்லை. வராந்தாவில் நடக்கும்போது ஏதோ கீர்த்தனை முணுமுணுத்தார். அத்தனை வருஷ உழைப்பையும் அந்த ஒரு மீனை நம்பிக் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தார். சென்னையில் ஒரு பெரிய கூட்டத்தில் அதை வாசிக்க அழைப்பும் வந்துவிட்டது. கார்த்திகாவின் ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அதுதான். மீன்களின் துடுப்பில் நுனி வெட்டி டி.என்.ஏ. சோதனைக்கும் அனுப்பியாகிவிட்டது. ஊர் தெரியாத மீனைக் கையால் தொடாத அந்த அம்மாள், ஊர் தப்பான மீனைக் காட்டிப் பேசப் போகிறார். பின்னால் எவனாவது கண்டுபிடித்துச் சிரித்தால் அவர் அதற்குப் பிறகு தலைநிமிர மாட்டார்.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "மேடம், ஒருவேளை யாராச்சும் கொண்டாந்து விட்டிருப்பாங்களோ?"

அவர் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார். "திங்கவும் ஆகாது, தொட்டியில வச்சு அழகு பாக்கவும் ஆகாது. இந்த மீனை மெனக்கெட்டு வடகவுஞ்சியில இருந்து சுமந்துட்டு வந்து இங்க விடுற முட்டாப்பய எவன் இருப்பான் லூர்து?"

அந்த முட்டாப்பய அவருக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. ஸ்டெல்லா மீன் குழம்பு வைத்தால் எழுந்து போய்விடுவேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, என் காலை ஒரு வாரம் தேய்த்தது இதற்குத்தானா என்று அந்தப் பழைய கணக்கை முதலில் தீர்த்தாள். பிறகு ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகச் சொன்னாள்.

போய் முழங்காலிட்டு, ஃபாதர், நான் பதினான்கு மீனை ஓடையில் விட்டுவிட்டேன் என்றேன். செத்த மீனா என்று கேட்டார். உயிருள்ள மீன் என்றேன். அதிலென்ன பாவம் என்றார். புதிதாக வந்த இளம் ஃபாதர், ராமநாதபுரம் பக்கம். அவருக்கு மலை முகடு, காவிரி, வைகை, ஆற்றுத் திருட்டு எல்லாவற்றையும் கம்பித் தடுப்பு வழியாக விளக்க வேண்டியதாயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள், லூர்து அப்படி என்னதான் செய்துவிட்டான் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கடவுள் மன்னிச்சிருவாரு. ஆனா உங்க மேடம் ஊருக்கு முன்னால நிக்கப் போறாங்க. அவங்ககிட்ட யாரு போயிச் சொல்றது?"

மறுநாள் காலை பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டி, மேடத்தின் மேஜையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். சென்னைக்குக் கிளம்ப மூன்று நாள் இருந்தது. நின்றுகொண்டே முழுவதையும் சொன்னேன். எங்கேயும் சுற்றி வளைக்கவில்லை. என் கையெழுத்தை அவர் விரலால் ஒரு முறை தடவினார்.

"அப்படியா," என்றார்.

அது நான்காவது தினுசு. அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஸ்வெட்டர் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு, புது மீன் வந்தால் கேட்பாரே, அதே வரிசையில் கேட்டார். எந்த இடம். வண்ணார் கல்லுக்கு மேலேயா கீழேயா. எத்தனை மணி. தண்ணீர் எவ்வளவு இருந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

"பதினாலும் உசுரோட போச்சா?"

"போச்சு மேடம். ஒன்னு மட்டும் கொஞ்சம் சோந்து கெடந்துச்சு. அதைக் கையிலயே வச்சிருந்து, தெளிஞ்சப்பறம் விட்டேன்."

பென்சிலைக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றார்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, முகட்டைத் தாண்டும் மீனைத் தேடியே தன் காலம் போய்விட்டது என்றும், அது கடைசியில் என் கேனில் தாண்டியிருக்கிறது என்றும் சொன்னார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. நான் அழுதுவிட்டேன். ஐம்பத்தைந்து வயசு ஆள், அலமாரிக்கும் மேஜைக்கும் நடுவில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. என் முன்னாலேயே சென்னைக்குப் போன் போட்டார். சான்று தவறாகிவிட்டது, எங்கள் பக்கத்தில் பிழை, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். யாருடைய பிழை என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். நிலையத்தின் பிழை, அதாவது தன்னுடைய பிழை என்று சொல்லிப் போனை வைத்தார்.

கார்த்திகா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஓர் அத்தியாயம் போய், ஒரு வருஷமும் போயிற்று அவருக்கு. நான் நீட்டிய டீயை வாங்காமல் தானே போய்ப் போட்டுக் குடித்தார். பிறகு ஒரு நாள் டி.என்.ஏ. முடிவு வந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு நேராக நான் பாட்டில் கழுவும் இடத்துக்கு வந்தார்.

தெற்கு ஓடை மீனும் வடகவுஞ்சி மீனும் அச்சு அசல் ஒன்று. முகடு உடைந்து பிரிந்த குடும்பமாக இருந்தால் இத்தனை காலத்தில் எவ்வளவோ மாறியிருக்க வேண்டும். எதுவுமே மாறவில்லை.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா, இந்தத் தாளை வச்சுக்கிட்டு நான் முழிச்சிருப்பேன் அண்ணே. ஆத்துத் திருட்டு போன வாரம்தான் நடந்துச்சுன்னு எழுதியிருக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. உடனே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, வேறு எங்கேயாவது எதையாவது விட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடும்படி கேட்டார். யோசித்துப் பார்த்து, பூண்டிப் பக்கம் ஒரு வாய்க்காலில் இரண்டு நண்டு விட்டதை ஒப்புக்கொண்டேன். அதையும் எழுதிக்கொண்டார். அவருடைய புது மூன்றாவது அத்தியாயம், மனிதர் கையால் இடம் மாறிய மீன்களைப் பற்றியது. பதினான்கிலிருந்து ஓடை முழுக்கப் பெருக எத்தனை காலம் ஆயிற்று என்பதை அவ்வளவு துல்லியமாக அவரால் எழுத முடிந்தது. விட்ட நாளும் எண்ணிக்கையும் பதிவேட்டில் இருந்தன அல்லவா.

மேடத்தின் கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. அந்த முழங்கைத் திருப்பமும் கூழாங்கற்களும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. எனக்கு அது ஒரு குறைதான். எத்தனை தமாஷாகச் சொன்னாலும் அந்தக் குறை போகாது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால் அவர் ஓய்வு பெற்றார். கடைசி நாள் சாயங்காலம் மாலையும் கேசரியும் முடிந்த பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு பாட்டில். தெற்கு ஓடையில் பிடித்த கல்லொட்டிகள், லேபிள் இல்லாமல். பேரி மரத்தடிக்குத்தான் போகப் போகிறோம் என்று நினைத்து, மண்வெட்டி எடுத்து வரட்டுமா மேடம் என்று கேட்டேன்.

"எதுக்கு? ஊர் தெரியாத மீனைத்தான் பொதைக்கணும். இதுக்குத்தான் தெரிஞ்சிருச்சே. நீங்க வந்து சொன்னீங்கள்ல."

தடித்த தாளை வெட்டி, பென்சிலால் நிதானமாக எழுதி, இடுக்கியால் பாட்டிலுக்குள் இறக்கினார். மூடியைத் திருகி என் கையில் கொடுத்தார். அலமாரியில் மூன்றாவது தட்டில் நானே கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடி போடாமல் அப்போது படிக்க முடியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்தபோதும் கொஞ்ச நேரம் எழுத்து தெரியவில்லை.

போன மாதத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு மாணவர்களுக்கும் முதல் முடிவுகள் ஏற்கெனவே வந்திருந்தனவாம். தெற்கு ஓடைத் தண்ணீரில் வடக்குக் கல்லொட்டி இருக்கிறதாம். இருக்கக் கூடாத மீன், ஆற்றுத் திருட்டாக இருக்குமோ என்று குதித்துக்கொண்டு கார்த்திகாவிடம் சொன்னார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது தட்டில் இருக்கிற பாட்டிலைப் போய்ப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது தெரிந்தது.

ஒரு பையன் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஜெசிந்தா மேடத்தின் பென்சில் எழுத்து, கொஞ்சமும் மங்கவில்லை. சத்தமாகப் படித்தான். ஊர், வடகவுஞ்சி ஓடை. கிடைத்த இடம், தெற்குச் சரிவு ஓடை, வண்ணார் கல். முகட்டைத் தாண்டிய வழி, லூர்துசாமி.

படித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். பழைய ஆள், மலையெல்லாம் தெரிந்தவர் என்று நினைத்திருப்பான்.

"அண்ணே, இந்த லூர்துசாமிங்கறது எந்தப் பக்கத்து ஆறு?"